இல்வெனா திரும்பி வந்த பாகம்

உனக்கு,

நேற்று சாயங்காலம் நேரு வீதிப் புத்தகக் கடையில் நாம் சேர்ந்து படித்த காமிக்ஸின் மொத்தத் தொகுப்பு வந்திருந்தது. பன்னிரண்டு பாகங்களும் ஒரே கனத்த அட்டைக்குள். கடைக்காரர் மேலுறையைக் கிழித்துக் கையில் கொடுத்ததும் நான் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நடுவில் பிரித்து மூக்கை வைத்தேன். அது உன் பழக்கம். "மை வாசன போறதுக்குள்ள மோந்துரணும்டி. அப்புறம் அது வெறும் காயிதம்" என்பாய். நாலு பேர் நிற்கிற கடையில் நானே அதைச் செய்வேன் என்று நினைத்ததில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டுப் பில் போட்டார். வண்டியைக் கிளப்பாமல் அதன்மேல் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

இந்தக் காமிக்ஸுக்கு மூலமான பகடை விளையாட்டுக்குள் நாம் வந்ததே ஜெரோமால்தான். லாஸ்பேட்டையில் மூன்று பேரும் பி.காம். படித்த காலம். அவனுடைய சித்தப்பா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு தடித்த விதிப்புத்தகமும் ஒரு பை நிறையப் பகடைகளும் கொண்டுவந்து கொடுத்தார். முழுக்கப் பிரெஞ்சு. ரெட்டியார்பாளையத்தில் அவன் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வான். ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இப்போது இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பகடைக்குப் பிரெஞ்சில் 'தே' என்று பெயராம். நாமும் அப்படியே பழகிவிட்டோம். "தே போடு, தே போடு" என்று நாம் கத்துவதைக் கேட்டு அவன் அம்மா கீழேயிருந்து, "இன்னா போடணும், டீயா?" என்று கேட்பார்.

நான் வாள் பிடிக்கிறவளாக இருந்தேன். என் பாத்திரத்துக்கு வேங்கை என்று பெயர் வைத்தேன். நீ வைத்தியக்காரி. மந்திரத்தால் காயம் ஆற்றுகிறவள். அவளுக்கு நீ மருதாணி என்று பெயர் வைத்ததும் ஜெரோமுக்கு வருத்தம். அந்த உலகத்தில் அப்படிப் பெயர் இருக்காது என்றான். "உன் புஸ்தகத்துல இல்லன்னா ஓரத்துல எழுதிக்கோ" என்றாய். அவன் நிஜமாகவே பென்சிலால் எழுதிக்கொண்டான்.

ஏன் எப்போதும் வைத்தியக்காரியாகவே வருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். உன் அத்தா கடையில் பிய்ந்த பைகளும் வார் அறுந்த பெட்டிகளும் தைத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் தைத்திருக்கிறாய். "வெட்டறதுக்குத்தான் நீ இருக்கியே. தைக்கறதுக்கு ஒருத்தி வேணாமா?" என்றாய்.

படிப்பு முடிந்தது. எனக்கு லாஸ்பேட்டையிலேயே அரசாங்க வேலை கிடைத்தது. பாகூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தினம் வண்டியில் வந்து போவேன். நீ அத்தாவின் கடையை எடுத்து நடத்தத் தொடங்கினாய். ஞாயிறு மதியம் மட்டும் மாறவில்லை. பிறகு அந்த விளையாட்டின் உலகத்தை வைத்து ஒரு காமிக்ஸ் வரப்போகிறது என்றார்கள். மாதம் ஒரு பாகம். முதல் பாகத்தை மூவரும் ஒரே பிரதியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தோம்.

காமிக்ஸ் வந்த பிறகுதான் நான் ரசிகர் குழுவில் எழுத ஆரம்பித்தேன். எங்கெங்கோ இருந்தெல்லாம் தமிழில் பேசுகிறவர்கள் சேர்ந்த கைபேசிக் குழு அது. இரண்டாம் பாகத்தில் சூனியக்காரன் ஒரே சண்டையில் அதே மந்திரத்தை இரண்டு தடவை போடுகிறான், விதிப்படி அது எப்படி முடியும் என்று ஒரு வாரம் சண்டை. குகைக் காட்சியில் வண்ணம் இருட்டிக் கிடக்கிறது, யார் காலை யார் மிதிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று இன்னொரு வாரம். ஒவ்வொரு பாகத்துக்கும் நான் நீளமாகக் கருத்து எழுதினேன். காரமாக எழுதினால் கைதட்டு அதிகம் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். "அக்கா இன்னும் எழுதலயா?" என்று குழுவில் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் யாரும் என்னிடம் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை.

நீயும் அதே குழுவில் இருந்தாய். ஆனால் ஒரு வார்த்தை எழுதியதில்லை. உன் கருத்தெல்லாம் எனக்கு மட்டும் குரல் செய்தியாக வரும். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். "அந்தக் குதிரைக்கு மூணாவது பக்கத்துல கடிவாளம் இருக்கு, நாலாவது பக்கத்துல இல்ல, பாத்தியா? அறுந்துடுச்சுபோல. நம்ம கடைக்கு அனுப்பச் சொல்லு." உன் கருத்துகள் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் கதையின் வைத்தியக்காரி இல்வெனா. உனக்கு அவள்மேல் உயிர். ஆறாம் பாகத்தில் அவள் இறந்துபோனாள். தன்னிடம் மிச்சமிருந்த கடைசி மந்திரத்தைக் காயம்பட்ட எதிரிக்குக் கொடுத்துவிட்டு, தன் காயத்தோடு பனியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கடைசிப் பக்கத்தில் பேச்சே கிடையாது. குழுவே துக்க வீடு மாதிரி இருந்தது. ஒரு காமிக்ஸுக்கு இவ்வளவு தைரியம் இருக்கும் என்று நினைக்கவில்லை என்று எழுதினேன். உன்னிடமிருந்து மட்டும் குரல் எதுவும் வரவில்லை. அந்த ஞாயிறும் நீ வரவில்லை. கடையில் வேலை என்றாய். அதற்கடுத்த ஞாயிறும் கடையில் வேலை என்றாய்.

ஏழாம் பாகத்தில் இல்வெனா திரும்பி வந்தாள். நண்பர்கள் அவள் உடலை மலைக்கோயிலுக்குத் தூக்கிப் போய் உயிர்ப்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. மதியச் சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுதி முடித்தேன். செத்தவளை எழுப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள், இனி இந்தக் கதையில் யார் வெட்டுப்பட்டாலும் நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்க்கொண்டிருப்பேன் என்று எழுதினேன். சாவு என்பது திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய சாமானா என்று கேட்டேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதுதான்.

அதன் கீழே, முதல் தடவையாக, நீ எழுதினாய். இன்றும் அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "எனக்குப் புடிச்சிருந்துச்சு. அவ கண்ணத் தொறந்ததும் அழுதுட்டேன். விளையாட்டு விதியிலயே உயிர்ப்பிக்கலாம்னு இருக்கு. திரும்பி வந்தா இன்னா தப்பு?"

தனியாக உன்னைக் கூப்பிட்டு என்ன என்று கேட்டிருக்கலாம். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது விமர்சனம். தாலாட்டு வேண்டுமென்றால் அதற்கு வேறு குழு இருக்கிறது" என்று பதில் போட்டேன். நீ என் தோழி என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஒருவர், "யாராவது அந்த அக்காவுக்குப் பால் காய்ச்சிக் குடுங்கப்பா" என்று எழுதினார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

நீ குழுவை விட்டு வெளியேறினாய். கோபித்துக்கொண்டாய், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலு நாள் நாலு வாரமானது. நானும் கூப்பிடவில்லை. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நான் எழுதியதில் தப்பில்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜெரோம் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வேப்பமரத்தடியில் வண்டிகளுக்கு நடுவில் நின்றபடியே சொன்னான்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல. ரத்தத்துல வந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில மூணு மாசமா ட்ரீட்மென்ட் நடக்குது."

மூணு மாசம் என்றதும் மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஆறாம் பாகத்துக்கும் முன்னால்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எங்கம்மா அங்கதான நர்ஸு. முதல் நாளே பாத்துட்டாங்க. உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னா."

"ஏன் என்கிட்ட மட்டும்?"

அவன் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ எதையும் நேராப் பேசுவியாம். அவளால இப்ப நேராப் பேசறதக் கேக்க முடியாதாம்."

முல்லா வீதியில் உன் வீட்டுக் கதவை உன் அம்மா திறந்தார். "வாம்மா. உள்ளதான் இருக்கா" என்று மட்டும் சொன்னார். நீ ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்குள் நீ தலையில் துணி போட்டு நான் பார்த்ததில்லை. அன்று இறுக்கிக் கட்டியிருந்தாய். முடி கொட்டியிருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நீ அந்த ஒரு நிமிஷத்தையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாய்.

"உக்காருடி. நின்னுக்கிட்டே அழுதா எங்கம்மாவும் ஆரம்பிச்சுடுவாங்க."

நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன், குழுவிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். நீ தலையாட்டி மறுத்தாய்.

"எடுக்காத. நீ எழுதுனது சரிதான். கதையாப் பாத்தா அது மட்டமான கதை. செத்தவளத் தூக்கிட்டுப் போனாங்களாம், அவ எழுந்தாளாம். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி அப்படி எழுதுன?"

"அன்னிக்கு எனக்கு அது வேணும்போல இருந்துச்சு. அவ்ளோதான்."

அம்மா டீ வைத்துவிட்டுப் போனார். டம்ளரைக் கையில் எடுத்துச் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"நீ எழுதுனது கஷ்டமா இல்லடி. நீ சிரிச்சதுதான்."



அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டதும் நேராக உன் வீட்டுக்கு வருவது வழக்கமானது. எட்டாம் பாகம் வந்தபோது மருந்தால் உன் கண் மங்கியிருந்தது. நான் படித்துக் காட்டினேன். படங்களை விவரித்துச் சொன்னேன். உயிர் வந்த இல்வெனாவுக்கு நண்பர்களின் முகம் அடையாளம் தெரியவில்லை. மந்திரமும் பாதி மறந்துபோயிருந்தது. நான் முடித்ததும் கண்ணை மூடியபடி சிரித்தாய்.

"பாத்தியா. சும்மா திரும்பி வரல. கொஞ்சம் குறைஞ்சுதான் வந்திருக்கா."

"அப்ப நான் எழுதுனது தப்புதான்."

"பாதி தப்பு. முழுசா மாத்திப் பேசாத, எனக்குப் புடிக்காது."

நம் விளையாட்டையும் உன் வீட்டுக்கே கொண்டுவந்தோம். ஞாயிறு மதியம், உன் அம்மா லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரத்துக்கு மேல் உன்னால் முடியாது. பகடை மெத்தையில் உருளாது என்பதால் அம்மா ஓர் எவர்சில்வர் தாம்பாளம் கொடுத்தார். அதில் பகடை விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். நீ ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்துவதுபோல் நடிப்பாய்.

கடைசியாக விளையாடிய நாளில் வேங்கை செத்துப்போனாள். பாலம் உடைந்தது, மேலிருந்து பாறை விழுந்தது, ஜெரோம் போட்ட எண்கள் ஒவ்வொன்றும் எனக்கு எதிராக விழுந்தன. ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. மருதாணி உயிர்ப்பிக்கலாம். பன்னிரண்டுக்குக் குறையாமல் விழ வேண்டும். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அம்மா முதுகுக்குத் தலையணை வைத்தார். பகடையைக் கைக்குள் வைத்து ஊதி உருட்டினாய்.

மூன்று.

ஜெரோம் உடனே, "தட்டு விளிம்புல இடிச்சுடுச்சு. செல்லாது. திரும்பப் போடு" என்றான்.

"இடிக்கல."

"இடிச்சுது, நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன். எனக்குக் கண்ணு இவ்ளோ மங்கியே தெரிஞ்சுது, உனக்குத் தெரியலயா? மூணு. போனது போனதுதான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பொய்யை மூன்று பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று நான்தான் அப்போது நினைத்தேன். சாவு என்ன திரும்ப வாங்குகிற சாமானா என்று எழுதியவள். என்னையறியாமல் அழுகை வந்துவிட்டது. உன் அம்மா பதறி, "இன்னாச்சு, மறுபடியும் சண்டையா?" என்று கேட்டார்.

"சண்டை இல்லம்மா. இவ ஆள் செத்துப்போச்சு, அதுக்கு அழுவறா" என்றாய். பிறகு என் முழங்கையைத் தொட்டு, "வேற ஆள் செஞ்சுக்கோடி. அடுத்த வாரம் வரும்போது பேரோட வா" என்றாய்.

அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விட்டார்கள். பெயர் யோசித்துவிட்டேன் என்று உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"செங்கொடி" என்றேன்.

யோசித்தாய். உதடு உலர்ந்திருந்தது. "நல்லால்லடி. மாத்து" என்றாய்.

நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி. இரண்டு நாள் கழித்து விடியலில் போய்விட்டாய். அன்று மழை விடவேயில்லை. வீட்டில் பெண்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தூக்கிப் போனபோது ஜெரோமும் தோள் கொடுத்தான். பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கமில்லை என்பதால் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மண்ணிட்டுவிட்டுத் திரும்பியபோது அவன் பேண்ட் முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று, "நல்ல எடம். மரம் இருக்கு" என்றான். நான் கேட்காமலே அதைச் சொன்னான். உன் அம்மா அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

செங்கொடியை நான் மாற்றவில்லை. மாற்றிக் காட்ட நீ இல்லாதபோது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நீ படிக்காத நாலு பாகங்கள் இருக்கின்றன. பத்தாவது நன்றாக இருக்கிறது. பதினொன்றில் குகைக்குள் மறுபடியும் அதே இருட்டு. இல்வெனா கடைசிவரை உயிரோடு இருக்கிறாள். மந்திரம் முழுதாகத் திரும்பவில்லை, கட்டுப் போடக் கற்றுக்கொண்டு ஒரு கிராமத்தில் தங்கிவிடுகிறாள். இவற்றில் எதற்கும் நான் குழுவில் கருத்து எழுதவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டார்கள். ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டேன்.

தொகுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் போன மாதம் குழுவில் எல்லாப் பாகங்களையும் மறுபடி அலசினார்கள். விருத்தாசலத்துக்காரர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், ஒன்பதாம் பாகம்தான் இருப்பதிலேயே சிறந்தது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஒன்பதாம் பாகத்தில் ஒன்றுமே நடக்காது. நடக்கிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். எல்லாரும் அவரைக் கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். எனக்குள்ளும் ஒரு வரி வந்துவிட்டது. நல்ல வரி. போட்டிருந்தால் குழு முழுக்கச் சிரித்திருக்கும். விரல் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, அவருக்குத் தனியாக எழுதினேன். அந்தப் பாகம் உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. அவர் வீட்டில் யாருக்கு என்னவோ, அவருக்கே என்னவோ என்று ஏதேதோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம், ஏன் கேக்கறீங்க? எங்க வீட்ல பேக்கரி. அதுல ரொட்டிய அவ்ளோ கரெக்டா வரைஞ்சிருக்காங்க. மேல வெடிப்புகூட விட்டிருக்காங்க, பாருங்க."

ஆபீசில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், ரொட்டியின் மேல் வெடிப்பு இருக்கிறது. நான் மூன்று தடவை படித்தும் பார்க்காதது. இதை நீ முதல் தடவையே பார்த்திருப்பாய்.

இப்போதெல்லாம் யாராவது ஒன்று பிடித்திருக்கிறது என்றால், ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். பெரும்பாலும் ரொட்டி மாதிரிக் காரணம்தான் வருகிறது. ஒரு நாள் உன்னுடையது மாதிரியும் ஒன்று வரலாம். அதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.